வம்சத்து இருமல்

அந்தத் தெருவில் யாருக்காவது சளி பிடித்தால் டாக்டரிடம் போவது இரண்டாவது யோசனை. முதல் யோசனை ரொட்டிக்கடைக்கு மேல்மாடி. அங்கேதான் கஷாயக்கா குடியிருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார். கஷாயக்கா என்றால் சின்னக் குழந்தைகூட மாடிப்படியைக் கைகாட்டும்.

அவள் கஷாயத்தில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. அதிமதுரம், மிளகு, தட்டிய இஞ்சி, வதக்கிப் பிழிந்த வெங்காயச் சாறு, எல்லாம் கொதித்து இறக்கி ஆறியபின் தேன். அளவு கேட்டால் சொல்ல மாட்டாள். மறைக்கிறாள் என்று ஊர் நினைத்தது. உண்மையில் அவளுக்கே தெரியாது, எல்லாம் கைப்பிடிக் கணக்கு. ஆனால் ஆளைப் பார்த்து இருமலைத் தரம் பிரிப்பதில் கெட்டிக்காரி. எதிர்வீட்டுத் தையல்காரர் படியேறி வந்து வாயைத் திறக்குமுன்பே, இது தொண்டை இருமல் இல்லை, நெஞ்சு இருமல், போர்த்திக்கொண்டு போய்ப் படுங்கள் என்று சொல்லி, கையில் ஒரு புட்டியையும் திணித்து அனுப்பிவிடுவாள். தையல்காரர் குடித்துவிட்டுப் படுப்பார். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். குடிக்காமல் இருந்தாலும் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும் என்பது வேறு விஷயம். அதை அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொன்னவர் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

கீழே இருந்த ரொட்டிக்கடை அவளுடைய அப்பா போட்டது. அவர் போன பிறகு அண்ணன் நடத்தினார். முன்பக்கத்தில் நின்று ரொட்டியை வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது கஷாயக்காவின் வேலை. அவளுக்குப் பின்னால் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் மாவறை, அதற்கும் பின்னால் அடுப்பு. மாவறையில் அண்ணனும் அவள் கணவரும் நின்றார்கள். கணவர் கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருமுறை ஆள் பற்றாக்குறை என்று கூப்பிட, மாவு பிசைய வந்தார். மாவைத் தொட்ட கை அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொடவில்லை. மனிதர்களிடம் அவர் நாலு வார்த்தை பேசினால் அதிகம். மாவிடம் பேசுவார். "என்ன, இன்னைக்கு எழுந்திருக்க மாட்டேங்கிறே?" என்று தொட்டியைப் பார்த்துக் கேட்பதை அவளே கேட்டிருக்கிறாள்.

இப்போது இருமலுக்கு வருவோம். சில குடும்பங்களுக்கு மூக்கு இருக்கும், சில குடும்பங்களுக்கு முன்கோபம் இருக்கும். இவர்கள் குடும்பத்துக்கு இருமல் இருந்தது. அப்பா இருமினால் தெருமுனை வரை கேட்கும். கடை திறந்தாயிற்றா என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, படுத்தபடியே தெரிந்துகொள்வார்கள். அப்பாவுக்குப் பிறகு அதே இருமல் அண்ணனுக்கு வந்தது. "எங்க வம்சத்து இருமல்" என்று அண்ணன் அதை ஏதோ பூர்வீகச் சொத்து மாதிரி சொல்லிக்கொள்வார். சில வருஷங்கள் கழித்துக் கணவரும் இரும ஆரம்பித்தபோது அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளை இப்போதுதான் முழுசாக நம் வீட்டு ஆள் ஆனார் என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வீடே சிரித்தது. கணவரும் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கஷாயம் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா கஷாயக்காவுக்குக் கீழே, முதல்மாடியில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். அப்பாவை டாக்டர்கள் கைவிட்ட பிறகும் தான் விடவில்லை, கஷாயம் கொடுத்தும் ஒத்தடம் கொடுத்தும் காற்றுப் படாமல் பொத்திப் பொத்தி வைத்தும் இத்தனை வருஷம் இழுத்துப் பிடித்து வைத்திருந்தேன் என்று யார் வந்தாலும் சொல்லுவாள். அதில் பொய் இல்லை. அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். அம்மாவுக்கு அந்த நினைப்புத்தான் இப்போது ஊன்றுகோல்.

கணவரின் இருமலோடு கஷாயக்கா வரிந்து கட்டிக்கொண்டு மல்லுக்கு நின்றாள். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. ஞாயிறு சாயங்காலம் ஒரு டம்ளர் கொடுப்பாள். திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் இருமல் பாதியாக இறங்கிவிடும். "பார்த்தீங்களா?" என்பாள். செவ்வாய் மத்தியானம் மறுபடி ஆரம்பிக்கும். சரி, தினமும் கொடுத்துப் பார்ப்போம் என்று தினமும் கொடுத்தாள். கேட்கவில்லை. அவள் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கிறார். மற்ற நாட்களில் மாவறையில் நின்றுகொண்டே மடக்மடக்கென்று விழுங்குகிறார். அப்படிக் குடித்தால் எப்படிப் பிடிக்கும்? அதனால் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. பேசாமல் குடிக்க வேண்டும் என்று இன்னொன்று. குடித்தபின் தண்ணீரைத் தொடக்கூடாது என்று வேறொன்று. கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் மறுத்துப் பேசியதாகச் சரித்திரமே கிடையாது.

சட்டங்கள் கூடக்கூட இருமலும் கூடியது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் மெல்லிசாக ஒரு விசில் கேட்க ஆரம்பித்தது. மாடிப்படித் திருப்பத்தில் கணவர் நின்றுவிட்டுத்தான் ஏறுவார். ஏன் நிற்கிறீர்கள் என்றால் கைப்பிடிக் கம்பி ஆடுகிறதா என்று பார்த்தேன் என்பார். கம்பி கல் மாதிரி இருந்தது. டாக்டரிடம் இரண்டு தடவை தனியாகப் போய்வந்தார், அவர் மருந்து எழுதிக் கொடுத்தார், அதுவும் கேட்கவில்லை.  அப்பா கடைசியில் படுக்கவே முடியாமல், அடுக்கி வைத்த தலையணைகளில் சாய்ந்தபடிதான் போய்ச் சேர்ந்தார். படித் திருப்பத்தில் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் கஷாயக்காவுக்கு அந்தத் தலையணைகள்தான் கண்ணில் நின்றன. இவரை அப்படிப் போக விடமாட்டேன், என்ன ஆனாலும் ஆகட்டும், ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று அவள் அன்றைக்கே தீர்மானம் செய்தாள். எதை எதிர்த்து என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அப்படியிருக்கும்போது அடுப்பு விழுந்தது. உள்பக்கச் செங்கல் வெடித்து, மேல்வளைவு இறங்கிவிட்டது. கட்டுகிற ஆள் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். கடையை மூடினார்கள், ஒரு வாரத்துக்கு மேல் மூடியே கிடந்தது. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கஷாயக்காவோ இதுதான் சமயம் என்று கடையின் அலமாரிகளை எல்லாம் கழற்றிக் கழுவ ஆரம்பித்தாள். கணவர் பழைய பழக்கத்தில் தெருவிலுள்ள சைக்கிள்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டுக் கொடுத்தார். நாள் போனதே தெரியவில்லை.

அலமாரிகளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்த அன்று தையல்காரர் மனைவி வந்து ஒரு புட்டி கஷாயம் கேட்டாள். எடுக்கப் போனால் சட்டி காய்ந்து கிடக்கிறது. அப்போதுதான் கஷாயக்காவுக்கு உறைத்தது. கடை மூடிய நாளிலிருந்து அவள் சமையலடுப்பில் சட்டியே ஏற்றவில்லை. வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. ஏன் கேட்கவில்லை என்று நினைத்துப் பார்த்தாள். கணவர் இருமியதாகவே ஞாபகம் இல்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். மனிதர் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொன்னால் அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கணவர் இருமாமல் இருப்பது பிடித்தது, கஷாயம் இல்லாமல் இருமாமல் இருப்பது பிடிக்கவில்லை. இத்தனை நாள் குடித்தது உடம்பில் ஊறி இப்போது வேலை செய்கிறது என்று தனக்குத் தானே பூசி மெழுகினாள். அடுப்பு சரியாகிக் கடை திறந்தது. முதல் நாள் மத்தியானத்துக்குள் கதவுக்குப் பின்னாலிருந்து பழைய இருமல் கிளம்பியது. ஊறிய கஷாயம் அதற்குள் எங்கே போயிற்று என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து பஸ் டிரைவர் ரொட்டி வாங்க வந்தார். உள்ளேயிருந்து முதலில் அண்ணன் இருமினார், பின்னாலேயே கணவர். டிரைவர் சிரித்துக்கொண்டே, உங்கள் வம்சத்து இருமல் ஜோடியாகக் கேட்கிறதே என்றார். தினமும் யாராவது சொல்லுகிற பேச்சுத்தான். ஆனால் அன்றைக்கு அவள் கையிலிருந்த கத்தி ரொட்டியின் பாதியில் நின்றுவிட்டது.

வம்சமா? அண்ணன் அந்த வம்சம், சரி. இவர் எந்த வம்சம்? மாமனார் இந்த வயசிலும் மூச்சு வாங்காமல் மேடேறுகிறவர். மாமியாருக்குத் தும்மல்கூட வராது. அப்பாவின் ரத்தம் ஓடுவது தன் உடம்பில். தனக்கு ஏன் இருமல் வரவில்லை? அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற அவளுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் இருமுகிறார்கள், ரத்த சொந்தமானாலும் சரி, பெண் கட்டி வந்தவரானாலும் சரி. டிரைவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் மீதி ரொட்டியை வெட்டினாள், அதுவும் கோணலாக.

மாடிக்குப் போய்ச் சட்டியைப் பார்த்தாள். தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை, நல்ல சட்டி. இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார வைத்து, பேசவிடாமல், தண்ணீர் குடிக்கவிடாமல் அந்த மனிதரைப் படுத்தியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதன் பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் கஷாயக்கா சும்மா உட்காருகிற ஜாதி இல்லை.

மறுநாளே கணவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாவறை, சல்லடை, மூட்டை, விடுமுறை, அடுப்பு விழுந்தது, எல்லாவற்றையும் அவளே சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். போன தடவைகளில் என்ன வேலை என்று கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்றார். கடையில் இருக்கிறேன் என்று சொன்னேனே என்றார் கணவர். பொய் இல்லைதான். கடையில்தான் இருந்தார். டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"இது சளி இல்லைம்மா. மாவுத் தூசியைக் கண்டாலே இவர் நெஞ்சு சண்டைக்கு நிக்குது. மருந்து தரேன். ஆனா அந்தத் தூசி குறையாம மருந்து மட்டும் ஒண்ணும் பண்ணாது. இப்பவே விலகிட்டா போன மூச்சு நிறைய திரும்பி வரும். தள்ளிப்போட்டா வராது."

 திரும்பும் வழியில் கடை கண்ணில் பட்டதும் கணவர், மாவை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன் என்று கேட்டார். சுடுவதும் ரொட்டி வேலைதானே, அடுப்புப் பக்கம் நில்லுங்கள் என்றாள். ஆனால் அடுப்பும் மாவறையும் ஒன்றுக்குள் ஒன்று. அங்கே பறக்கிற மாவு இங்கேயும் வரும். மாவறைக்கு ஜன்னல் வேண்டும், காற்றை வெளியே தள்ளுகிற விசிறி வேண்டும், நடுவில் ஒரு கதவு வேண்டும். எல்லாவற்றுக்கும் அண்ணன் தலையசைக்க வேண்டும்.

அண்ணன் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். மாவு இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்டது, அதுவா ஆளைக் கொல்லும் என்றார். நீயும்தான் இருமுகிறாய் என்றாள் அவள். இது வேறு, இது அப்பாவிடமிருந்து வந்தது என்றார். அப்படியானால் என் கணவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று அவள் கேட்டாள்.  அப்பாவின் மகளுக்கு வராதது மருமகனுக்கு எப்படி வந்தது என்று அடுத்ததையும் கேட்டாள்.  அண்ணன் பேச்சை மாற்றினார். ஜன்னல் வைத்தால் காற்றுப் பட்டு மாவு தோல் கட்டிவிடும் என்றார். ஈரத்துணி போட்டு மூடு என்றாள்.

"ஜன்னல் ஒண்ணும் புதுசு இல்லை," என்றார் அண்ணன், விட்டால் போதும் என்கிற மாதிரி. "அந்த மூட்டைக்குப் பின்னாடி ஒண்ணு இருந்தது. நீ அப்போ கைக்குழந்தை. அப்பாவுக்கு இருமல் ஆரம்பிச்ச புதுசுல, காத்துப் பட்டா நெஞ்சுக்கு ஆகாதுன்னு அம்மாதான் அடைக்கச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அப்பாவுக்கு…"

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. அண்ணனும் தங்கையும் மூட்டைகளுக்குப் பின்னால் தெரிந்த சுவரைப் பார்த்தார்கள். சுண்ணாம்புக்கு அடியில் ஒரு சதுரம், உற்றுப் பார்த்தால் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு இருமல் முற்றியது. முற்றியதும் அம்மா கதவிடுக்கில்கூடத் துணி அடைத்தாள். அப்பா அந்த அறைக்குள் நின்று காலம் முழுக்க மாவு சலித்தார். கஷாயக்கா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதே," என்றார் அண்ணன். குரல் இறங்கிப் போயிருந்தது. "இந்த வயசுல அவங்களால தாங்க முடியாது. ஜன்னலைத் திறந்தா ஏன்னு கேட்பாங்க. அதனால இந்தப் பேச்சே வேண்டாம்."

அண்ணன் கெட்டவர் இல்லை. அம்மா என்றால் அவருக்கு உயிர். ஆனால் அம்மாவின் மனசு நோகக்கூடாது என்பதற்காகக் கணவரின் நெஞ்சு போக வேண்டுமா என்று அவளுக்குள் கொதித்தது.  மறுநாளிலிருந்து கஷாயம் காய்ச்சுவதை நிறுத்தினாள்.

கணவருக்கு டாக்டர் கொடுத்த மருந்து மட்டும். தெருவுக்கு எதுவும் கிடையாது. அண்ணி ஒரு பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், வீட்டுக்கு என்று அவள் வாங்கிப் போனதை அண்ணன் இத்தனை நாளாகத் தினமும் இரண்டு வேளை குடித்துக்கொண்டிருந்த விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. "இது கிடைக்கிற வரைக்கும் உங்க வீட்டுக்காரர் அந்தச் செவத்தைத் தொட மாட்டார் அண்ணி. இனி ஒரு சொட்டு கிடையாது" என்று பிளாஸ்கை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். தையல்காரர் மாடியேறி வந்தார். பேசாமல் போய்ப் படுங்கள், அதுவே போதும், இத்தனை நாள் உங்களைக் குணமாக்கியது படுக்கைதான் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். தையல்காரருக்கு நோயைவிட இது பெரிய அடி. நம்பிக் குடித்தோமே என்று தெரு முழுக்கப் புலம்பினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கஷாயக்கா என்ற பெயர் போனால் போகட்டும், பழைய பெயர் ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்று இருந்தாள்.

மாவறையில் இரண்டு பேரும் மாறி மாறி இருமினார்கள். ரொட்டி வாங்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் விடாப்பிடியாக இருந்தார். தங்கையும் அதே அப்பாவின் பெண்தானே, அவளும் இறங்கி வரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் கணவர். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, அவர் வழக்கத்துக்கு மிக நீளமாகப் பேசினார்.

"அத்தை மனசு உடைஞ்சிடும். அவங்களை நோக வெச்சு எனக்கு ஒரு ஜன்னல் வேண்டாம். இருமல் எனக்குப் பழகிடுச்சு, விட்டுடு."

"எனக்குப் பழகலை," என்றாள் அவள்.

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. அதை அவர் பார்க்கக்கூடாது என்று எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

அம்மா தானாகவே கூப்பிட்டு அனுப்பினாள். கஷாயம் நின்ற சேதி அவள் காதுக்கும் போயிருந்தது. கஷாயக்கா போனபோது அம்மா காய்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே பேச ஆரம்பித்தாள். அண்ணனோடு என்ன தகராறு வேண்டுமானாலும் இருக்கட்டும், இருமுகிற மனுஷனுக்கு மருந்தை நிறுத்துகிறவள் ஒரு பெண்டாட்டியா என்றாள். உங்கள் அப்பாவுக்கு நான் ஒருநாள் தவறாமல் கொடுத்தேன், காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து வந்து காய்ச்சினேன் என்றாள். கஷாயக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனுக்காகவும் கணவருக்காகவும் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் கீழேயிருந்து கணவர் இருமும் சத்தம் வந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல், முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். அடைத்த ஜன்னலையும் சொன்னாள்.

அம்மா கேட்டுக்கொண்டே கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கடை மூடியிருந்தப்போ மாப்பிள்ளை இருமவே இல்லையா?"

"இல்லைம்மா."

"கஷாயம்?"

"ஒரு வாய்கூட கொடுக்கலை."

அம்மா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஷாயக்காவுக்குத் தாங்கவில்லை. அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும், நல்லதுக்கென்றுதானே செய்தாய் என்று தோளைத் தொட்டாள். அம்மா கையை விலக்கினாள். கோபத்தில் இல்லை, அதற்கு நேரம் இல்லை என்கிற மாதிரி.

"ஆறுதல் எல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். என் செருப்பு எங்கே இருக்கு பாரு."

அம்மா கடைக்குள் வந்து வருஷக்கணக்காகிறது. மாவறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் நுழைந்ததும் அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கையை ஒரு முறை முறைத்தார். பிசைந்துகொண்டிருந்த கணவர் கையை மாவிலிருந்து எடுக்கவே மறந்துபோனார். அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் அடுக்கியிருந்த மூட்டைகளின் முன்னால் நின்றாள். இதை நகர்த்து என்றாள். அண்ணன் மென்று விழுங்கினார். இன்றைக்கு வேலை நடக்கிறது, விடுமுறை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் அம்மா என்றார்.

"அடைக்கச் சொன்னது நான். அன்னைக்கு உங்க அப்பா மறுபேச்சு பேசலை, வேலையைப் போட்டுட்டு ஆளைக் கூப்பிட்டாரு. இடிக்கச் சொல்றதும் நான்தான். நீயும் பேசாம கூப்பிடு."

கொத்தனார் வந்தார். மாவுத் தொட்டியையும் மூட்டைகளையும் முன்பக்கத்துக்குத் தள்ளினார்கள். ரொட்டி வாங்க வந்தவர்களை வெளியே நிறுத்தி, இன்றைக்கு இவ்வளவுதான் என்று கஷாயக்கா கதவைச் சாத்தினாள். உளி ஏறிய பிறகு அண்ணன் கொத்தனாரோடு சேர்ந்து தானும் செங்கல்லைத் தூக்கி வெளியே போட்டார். அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் உட்காரவில்லை. சாயங்காலம் சதுரமாக ஒரு திறப்பு விழுந்தது. அறையைக் கூட்டிக் கழுவிவிட்டுப் போனார்கள்.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். விசிறியும் வந்தது, நடுவில் கதவும் வந்தது. கணவர் மாவறையை விட்டு அடுப்புப் பக்கம் போனார். போன மூச்சு முழுசாக வரவில்லை, ஆனால் நிறைய வந்தது. அடுத்த குளிர்காலத்துக்குள் படித் திருப்பத்தில் நிற்காமல் மாடியேறினார். மாவோடு பேச முடியாத குறைக்கு, தட்டில் இருக்கிற ரொட்டியோடு பேசிக்கொண்டார். தெரு பழைய பெயரைப் பழகவே இல்லை, காய்ச்சாவிட்டாலும் அவள் கஷாயக்காதான்.

ஆனால் இது எல்லாம் அப்புறம். ஜன்னல் திறந்த மறுநாள் காலையில், சட்டம்கூடப் பொருத்தாத அந்தத் திறப்பு வழியாக வெயில் நேராக மாவறைக்குள் விழுந்தது. கணவர் நிலைப்படிக்கு வெளியே அடுப்போரமாக நின்றார். அதைத் தாண்டக்கூடாது என்று கஷாயக்கா சொல்லியிருந்தாள். அம்மாவும் வந்து சுவரோரமாக நின்றாள். அண்ணன் மூக்கோடு வாயோடு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல மூட்டையிலிருந்து மாவை அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டினார்.

இரண்டு ஆட்டுக்குள் வெயில் விழுந்த இடம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. இத்தனை வருஷம் இருட்டில் யார் கண்ணிலும் படாத மாவு, தரையிலிருந்து கூரை வரைக்கும் கனமாக நின்று மெதுவாகச் சுழன்றது. அண்ணன் சல்லடையை நிறுத்தினார். மாவு கீழே இறங்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்றது. அவர் கையில் சல்லடையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.  அம்மா வெளிச்சத்துக்குள் கையை நீட்டினாள், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். உள்ளங்கை வெளுத்துப் போயிருந்தது.

"இவ்வளவையுமா உங்க அப்பா உள்ளே இழுத்தாரு," என்றாள்.

கஷாயக்கா கிட்டே போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அழுதாள், அழுகையை மறைக்கவில்லை. அழுதுகொண்டே அந்தத் திறப்பை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"இது பத்தாது. கொத்தனாரைத் திரும்பக் கூப்பிடு. இன்னும் பெருசா இடிக்கச் சொல்லு."